பச்சைக் களிம்பு ஏறிய செப்புக் காசுகள்: சுத்தம் செய்யலாமா, அப்படியே விடுவதா?

தகரடப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா விட்டுப்போன தகர டப்பா ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் பூட்டில்லாத சாவிகள், பித்தளைப் பொத்தான்கள். அடியில் நான்கு செப்புக் காசுகள் கிடந்தன. நான் நாணயம் சேர்ப்பவன் இல்லை. ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. விற்கும் எண்ணமும் கிடையாது. கெடாமல் வைத்திருக்க வேண்டும், முடிந்தால் என்ன காசு என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நான்கும் நான்கு விதமாக இருப்பதால் எண் போட்டுச் சொல்கிறேன்.

1. கரும்பச்சை. மேலே வழவழப்பாக, எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கம். முகமும் ஓர எழுத்துகளும் தெளிவாகத் தெரிகின்றன.

2. பழுப்பு நிறம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் வெளிறிய பச்சைப் பொட்டு. வெள்ளைத் தாளில் வைத்து லேசாகத் தட்டினால் அந்த இடத்திலிருந்து மாவு போல உதிர்கிறது.

3. இது காசு என்பதே அதன் வட்டத்தை வைத்துத்தான் தெரிகிறது. இரண்டு பக்கமும் மண்ணும் பச்சையும் கலந்த தடித்த பொருக்கு. ஓரத்தில் ஒரு சிறு துண்டு பெயர்ந்த இடத்தில் செங்கல் நிறம் தெரிகிறது.

4. இது மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. காசின் மேல் பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கிறது. உறையின் உட்பக்கத்திலும் அதே பச்சை.

எதை எதால் கழுவுவது? பல் தேய்க்கும் பேஸ்ட், வினிகர், ஆலிவ் எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதுவரை எதையும் செய்யவில்லை, ஒரு பஞ்சால்கூடத் துடைக்கவில்லை.

---

மினுமினு எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி உப்பு. காசைப் போட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்து ஒரு பழைய பிரஷால் தேய்த்தால் புதுசு மாதிரி வந்துவிடும். நான் என் காசுகளை எல்லாம் அப்படித்தான் செய்தேன். சும்மா தகதகவென்று இருக்கின்றன.

---

ஊசிமுனை எழுதியது:

தகரடப்பா, பஞ்சால்கூடத் துடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. அருங்காட்சியக ஆய்வகம் ஒன்றில் உலோகப் பொருள்களைப் பழுதுபார்க்கும் மேஜையில் வெகுகாலம் உட்கார்ந்தவள் நான். அங்கே வந்து சேரும் செப்புக் காசுகளில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் கெட்டவை அல்ல, மண்ணிலிருந்து எடுத்த பிறகு யாரோ சுத்தம் செய்து கெட்டவை.

மினுமினு, கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. எலுமிச்சையும் உப்பும் ஏன் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

மண்ணுக்குள் கிடக்கும் செம்பு முதலில் குப்ரைட் ஆகிறது. அது செம்பின் ஆக்சைடு, செங்கல் சிவப்பாக இருக்கும். அதற்கு மேலே வெளிப்புறமாக வளர்வதுதான் மலகைட் எனும் பச்சைக் கார்பனேட். வளரும்போதே சுற்றியிருக்கும் மண்ணையும் மணலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்போது கேள்வி, அச்சடித்த உருவம் எங்கே இருக்கிறது? அடியில் மிச்சமிருக்கும் உலோகத்தில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. உலோகம் உள்ளே போகப்போக அரித்துக் குழிகுழியாகிவிட்டது. ஒரு காலத்தில் காசின் மேற்பரப்பாக இருந்த கோடு அந்த அரிமானப் படலங்களுக்குள்ளேயே, பல நேரம் குப்ரைட்டின் மேல்முகத்தில், பத்திரமாக இருக்கிறது. மன்னனின் மூக்கு இப்போது செம்பில் இல்லை, செம்பாக இருந்து களிம்பாக மாறிய பொருளில் இருக்கிறது.

எலுமிச்சை என்ன செய்யும்? எது பச்சை, எது மூக்கு என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் கரைத்துவிடும். கையில் மிஞ்சுவது குழி விழுந்த, முகமில்லாத ஒரு வட்டு. கரைந்த செம்பில் கொஞ்சம் திரும்பவும் மேலே படிந்துகொள்வதால் ஒரு பொய்யான இளஞ்சிவப்பு நிறமும் வரும். கடைக்கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும், அமிலத்தில் போட்ட காசு என்று. உப்பு அதைவிட மோசம். உப்பு என்றால் குளோரைடு. பஞ்சு போல நுண்துளை விழுந்த செம்புக்குள் குளோரைடை நாமே ஊற்றி வைப்பதற்குச் சமம். அது என்ன செய்யும் என்பதற்கு உங்கள் இரண்டாம் காசுதான் சாட்சி.

சரி, உங்கள் காசுகளுக்கு வருவோம். எதைத் தொடும் முன்பும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழட்டும். அப்போதுதான் மேடு பள்ளம் தெரியும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு இருந்தால் எடையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் காசு. ஒன்றும் செய்யாதீர்கள். அந்த மினுக்கும் கரும்பச்சைதான் சேகரிப்பவர்கள் பட்டினா என்று கொண்டாடும் மேல்தோல். இறுகிவிட்டது, அடியில் உள்ள செம்பை அதுவே காக்கிறது. அதை எடுத்தால் காசின் வயதையே எடுத்த மாதிரி. தூசி இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு முறை அலசி, ஒற்றி உலர்த்துங்கள். பிடிப்பது எப்போதும் ஓரத்தில், இரு விரலால். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு.

நான்காம் காசு. இதுவும் சுலபம். அந்த உறை பிவிசி, அதாவது பாலிவினைல் குளோரைடு. அந்த வகை மென்பிளாஸ்டிக் நாளாக ஆக இளகும். அதை வளையும்படி செய்யச் சேர்த்த எண்ணெய் வெளியே கசியும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும். அந்தப் பிசுபிசுப்பு அதுதான். தூய அசிட்டோனில் ஊறவையுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனை, எண்ணெய் என்று வேறு பல கலந்திருக்கும். மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டும் செய்யுங்கள், பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்து காசோடு ஒட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்போ விளக்கோ அருகில் கூடாது. தேய்க்காமல் லேசாகச் சுழற்றி, அழுக்கான அசிட்டோனை மாற்றி, திரவம் தெளிவாகும் வரை செய்தால் போதும். தூய அசிட்டோன் செம்பை ஒன்றும் செய்யாது. ஆனால் பிசினுக்கு அடியில் ஏற்கெனவே அரித்த குழி இருந்தால் அது இருக்கத்தான் செய்யும். அந்த உறையைக் குப்பையில் போடுங்கள். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை வாங்கிக்கொள்ளுங்கள். புது ரெக்சின் வாடை அடிக்கும் எந்த உறையிலும் காசு போடக் கூடாது.

மூன்றாம் காசு. இங்கேதான் பொறுமை வேண்டும், அவசரக்காரர்கள் தோற்கும் இடமும் இதுதான். முதலில் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். குழாய் நீர் வேண்டாம், அதிலும் குளோரைடு இருக்கும். மண் இளகும், பச்சை இளகாது. அப்புறம் எல்லாம் கைவேலைதான்.

கைவேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மோஸ் கடினத்தன்மை அளவில் செம்பு சுமார் 3. மலகைட்டும் குப்ரைட்டும் 3.5-லிருந்து 4 வரை. அதாவது மேலே இருக்கும் பொருக்கு, அடியில் இருக்கும் உலோகத்தைவிடக் கடினம். எஃகு ஊசி இரண்டையும்விடக் கடினம். நீங்கள் ஊசியைச் செங்குத்தாக வைத்துச் சுரண்டினால் அது பொருக்கின் மேல் நிற்காது, சறுக்கிப் போய் பக்கத்தில் திறந்திருக்கும் மென்மையான பரப்பில் கோடு போடும். அந்தக் கோட்டை அழிக்கவே முடியாது. அதனால் சுரண்டக் கூடாது, பெயர்க்க வேண்டும். ஸ்கால்பெல் கத்தியை ஏறக்குறையப் படுக்கவைத்து, பொருக்கு உடைந்த விளிம்பில் இரண்டு படலங்களுக்கு நடுவே நுனியை நுழைத்து மெல்ல நெம்பினால் மேல்படலம் செதிலாகத் தெறிக்கும். தெறித்த இடத்தில் பளிச்சென்று வழவழப்பான பழுப்போ கருஞ்சிவப்போ தெரியும். அங்கே நிறுத்துங்கள். அதுதான் பழைய முகம். அதைத் தாண்டி ஆரஞ்சு நிறத்தில் உலோகம் மின்னினால் அந்த இடத்தில் உருவம் போய்விட்டது என்று பொருள்.

கத்திக்கு முன்னால் மூங்கில் குச்சி, பல்குத்தும் குச்சி, முள் எதையாவது முயன்று பாருங்கள். கெட்டியான இடத்துக்கு மட்டும் கத்தி. முள்ளம்பன்றியின் முள்கூட எங்கள் மேஜையில் இருக்கும், நுனி கூராகவும் இருக்கும், செம்பைக் கீறவும் கீறாது. குறைந்தது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் தூள் பறக்காது, பிளவுகளும் நன்றாகத் தெரியும். முகக்கவசம் அவசியம், அந்தப் பச்சைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். பின்பக்கத்தில், ஓரமாக, உருவமில்லாத வெற்றிடத்தில் ஆரம்பித்து அந்தக் காசின் படலங்கள் எப்படிப் பிரிகின்றன என்று பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காசும் ஒவ்வொரு மாதிரி பிரியும். சில காசுகளில் பொருக்கு பிரியவே பிரியாது, பழைய முகத்தோடு ஒன்றாக இறுகியிருக்கும். அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். தெரியாத காசாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கெட்ட காசாக வேண்டாம்.

பித்தளைக் கம்பி பிரஷ், பேஸ்ட், சுழலும் மோட்டார் கருவி எதுவும் கூடாது. பேஸ்டில் இருப்பது நுண்ணிய மெருகுப்பொடி. பட்டினாவை வழித்து, எழுத்துகளின் கூர்மையை மழுக்கிவிடும்.

இன்னொன்று, செம்பாகத் தெரிவதெல்லாம் வெறும் செம்பு என்று நினைக்க வேண்டாம். கி.பி. 3-ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசுகள் பலவற்றில் செம்புக் கலவையின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். பொருக்கின் அடியில் சாம்பல் நிறமாக அது ஒளிந்திருக்கும். அமிலமோ மின்னாற்பகுப்போ போட்டால் வெள்ளியும் பொருக்கோடு சேர்ந்து கழன்று வந்துவிடும்.

இரண்டாம் காசு பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுதான் உண்மையில் நோயாளி. அதுவரை அதை மற்ற மூன்றோடு போடாமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வையுங்கள். இன்றைக்கே.

---

குடுவை எழுதியது:

ஊசிமுனை அக்கா தனியாக எழுதுவதற்குள் வேதியியலை நான் சொல்லிவிடுகிறேன், அது என் பாடம்.

இரண்டாம் காசில் இருப்பது வெண்கல நோய் என்று சொல்லப்படுவது. பெயரில் வெண்கலம் இருந்தாலும் தனிச் செம்புக்கும் வரும். நோய் என்றாலும் கிருமி எதுவும் கிடையாது. மண்ணிலோ கடலிலோ கிடந்த காலத்தில் உலோகத்துக்கும் களிம்புக்கும் நடுவே குப்ரஸ் குளோரைடு சேர்ந்திருக்கும். கனிமப் பெயர் நான்டோகைட், மெழுகு போல வெளிறிய சாம்பல் நிறம். வறண்ட இடத்தில் அது சும்மா கிடக்கும். ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் காரச் செப்புக் குளோரைடாக மாறும். அதுதான் உதிர்கிற அந்த வெளிர்பச்சை மாவு. மாறும்போது பருமன் கூடுவதால் மேலே இருக்கும் படலத்தை உடைத்துத் தள்ளும். அதோடு நின்றால் பரவாயில்லை. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குப்ரஸ் குளோரைடு, அது மறுபடி ஈரத்தோடு சேர்ந்து மறுபடி அமிலம். வட்டிக்கு வட்டி கணக்குதான். இந்தச் சுழற்சியை 1890-களிலேயே பிரெஞ்சு வேதியியலாளர் மார்சலன் பெர்த்லோ விளக்கியிருக்கிறார்.

என் யோசனை: சோடியம் செஸ்குவிகார்பனேட். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 28 கிராம், சோடியம் பைகார்பனேட் 22 கிராம் கரைத்தால் சுமார் 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். காசை அதில் போட்டு வாரம் ஒரு முறை கரைசலை மாற்றிக்கொண்டே வந்தால் குளோரைடு வெளியே வரும். காரக் கரைசல் என்பதால் உண்டாகும் அமிலத்தையும் அடக்கும். சலவைக்கு விற்கும் சோடாவை வாங்காதீர்கள், அதில் சாதாரண உப்பும் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆய்வகத் தரமே வேண்டும்.

குளோரைடு இன்னும் வருகிறதா என்று பார்க்க, கரைசலில் கொஞ்சம் எடுத்து முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுரைத்துப் பொங்கும். நுரை முழுதாக அடங்கிய பிறகு ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட். பால் போலக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது. அமிலம் விடாமல் நேரே வெள்ளி நைட்ரேட்டைப் போட்டால் வெள்ளிக் கார்பனேட் படிந்து, இல்லாத குளோரைடு இருப்பதாகத் தோன்றும். வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் கறுப்புக் கறை நாள்கணக்கில் போகாது, கையுறை போடுங்கள்.

ஆலிவ் எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எண்ணெயில் இருக்கும் ஓலிக் அமிலம்தான் அங்கே வேலை செய்கிறது. மாதக்கணக்கில் ஊறவைத்தால் எண்ணெய் பச்சையாவது கரைந்த செம்பால்தான். அதாவது அதுவும் அமிலக் குளியல், மெதுவாக நடப்பதால் சாது போலத் தெரிகிறது.

---

ஊசிமுனை எழுதியது:

குடுவை, வேதியியல் எல்லாம் சரி. வெள்ளி நைட்ரேட் சோதனையில் நுரை அடங்கும்வரை பொறுக்க வேண்டும் என்று சொன்னீர்களே, நிறையப் பேர் சறுக்குவது அங்கேதான். ஆனால் செஸ்குவிகார்பனேட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. நூற்றாண்டு பழக்கம் என்பதற்காக எல்லாக் காசையும் அதில் போட முடியாது. மாதக்கணக்கில் ஊறும்போது பழுப்புப் பட்டினா நிறம் மாறும். சில நேரம் சால்கோநாட்ரோனைட் என்ற நீலப்பச்சைப் படிவு மேலே உருவாகும். பட்டினாவிலிருந்தும் கொஞ்சம் செம்பு கரைந்து வெளியேறும். கடலிலிருந்து எடுத்த, உடம்பு முழுக்கக் குளோரைடு ஏறிய பொருளுக்கு அது பொருந்தலாம். இரண்டே இரண்டு பொட்டு உள்ள ஒரு சிறு காசுக்கு அது வேண்டியதில்லை.

என் வழி இது. லென்ஸுக்கு அடியில் காசை வைத்து அந்த இரண்டு பொட்டுகளை மட்டும் ஊசியால் தோண்டுவேன். வெளிர்பச்சை மாவு எளிதாக வரும். அதன் அடியில் ஒரு சிறு கிண்ணம் போல குழி இருக்கும். குழியின் அடியில் மெழுகு மாதிரி சாம்பல் நிறம் தெரிந்தால் அதுதான் குடுவை சொன்ன நான்டோகைட். ஊசிமுனைக்கு வெண்ணெய் போல இடம் கொடுக்கும், பக்கத்தில் உள்ள குப்ரைட் கொடுக்காது. அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும், கண்ணுக்கு முன்பே. அது தீரும் வரை எடுப்பேன். காசில் சிறு பள்ளம் விழும், அதற்குப் பயப்படக் கூடாது. அந்தச் செம்பு ஏற்கெனவே போய்விட்டது.

ஆய்வகத்தில் இதற்குப் பிறகு பென்சோட்ரையசோல் குளியல். செப்புப் பொருள்களுக்கு அதைப் பயன்படுத்தும் முறையை மேட்சன் என்ற ஆய்வாளர் 1967-இல் வெளியிட்டார். எத்தனாலில் 3 சதவீதம், வழக்கமாக ஒரு நாள் ஊறல். செம்போடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போடும். வெளியே எடுத்ததும் எத்தனாலால் அலச வேண்டும், அலசாவிட்டால் மிச்சம் வெள்ளைப் படிகமாகக் காசின் மேல் பூத்து நிற்கும். அதன் மேல் பாராலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு. அது தேவையில்லை என்றால் பிற்காலத்தில் அசிட்டோனிலேயே கழுவி எடுத்துவிடலாம், அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் தகரடப்பா, இந்தக் குளியலை உங்களை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். பென்சோட்ரையசோல் உடம்புக்கு நல்ல பொருள் இல்லை. கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டம், கழிவை எங்கே கொட்டுவது என்ற ஏற்பாடு எல்லாம் வேண்டும். ஒரே ஒரு காசுக்காக அந்தப் புட்டியை வீட்டில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்களுக்கு வேண்டியது வறட்சி. காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம் சுமார் 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தச் சுழற்சி ஏறக்குறைய நின்றுவிடும். 35-க்குக் கீழே வைத்தால் கவலையே இல்லை. மாவைத் தோண்டி எடுத்துவிட்டு, காசை உலர்த்தி, இறுக மூடும் பாலிபுரொப்பிலீன் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் ஒரு ஈரப்பதக் காட்டி அட்டையோடும் வையுங்கள். இது மருந்தில்லாத வைத்தியம், மற்ற எல்லா மருந்துக்கும் பிறகும் இது வேண்டும். பென்சோட்ரையசோல் போட்ட காசுகூட ஈரமான அலமாரியில் திரும்ப நோய்ப்படும்.

மெழுகு பூசலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முதல் காசுக்கும் மூன்றாம் காசுக்கும் பூசலாம், மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகப் பூசிப் பருத்தித் துணியால் ஒற்றித் துடைப்பது. இரண்டாம் காசுக்கு இப்போது வேண்டாம். குளோரைடை உள்ளே வைத்து மூடி போட்டால் நோய் அடியில் நடக்கும், நமக்குத் தெரியாது.

மரப்பெட்டியில் வைக்காதீர்கள். ஓக் போன்ற பல மரங்களிலிருந்து அசிட்டிக் அமில ஆவி வந்துகொண்டே இருக்கும். ரப்பர் பேண்டும் கூடாது, அதில் உள்ள கந்தகம் செம்பைக் கறுக்கவைக்கும்.

---

மினுமினு எழுதியது:

சரி அக்கா, கோபம் எல்லாம் இல்லை. ஆனால் ஏற்கெனவே எலுமிச்சையில் போட்டு எடுத்த என் காசுகளை என்ன செய்வது? சிலவற்றில் இப்போது புள்ளிப்புள்ளியாகப் பச்சை தெரிகிறது. பளபளப்பு போனால் மறுபடி தேய்த்துவிடலாம் என்றிருந்தேன்.

---

ஊசிமுனை எழுதியது:

மறுபடி தேய்க்காதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் போட்டு, நீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள், உப்பு கொஞ்சமாவது வெளியே வரட்டும். அந்த நீரை வெள்ளி நைட்ரேட்டால் சோதிக்கலாம், அல்லது நீரின் கடத்துதிறன் காட்டும் சிறு மீட்டர் வைத்துப் பார்க்கலாம். புது நீரும் ஊறிய நீரும் ஒரே அளவு காட்டும் வரை மாற்றுங்கள். அப்புறம் ஆல்கஹாலில் ஒரு முக்கு, ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். உலர்த்தி சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பச்சைப் புள்ளி மாவாக உதிர்கிறதா, கெட்டியாக நிற்கிறதா என்று குச்சியால் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் மேலே இரண்டாம் காசுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

நிறம் திரும்பாது. காலப்போக்கில் பழுப்பாகும், ஆனால் அது பழைய பட்டினா ஆகாது. என்றைக்காவது விற்க நினைத்தால், பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரம் பிரிக்கும் நிறுவனங்கள் தேய்த்துச் சுத்தம் செய்த காசுக்கு வழக்கமான தர எண் கொடுப்பதில்லை. சுத்தம் செய்யப்பட்டது என்று உறையிலேயே எழுதிவிடுவார்கள்.

---

தகரடப்பா எழுதியது:

இருவருக்கும் நன்றி. நான்காம் காசு அசிட்டோனில் தெளிந்துவிட்டது. பிசினுக்கு அடியில் நல்ல பழுப்பு நிறம், ஓரத்தில் மட்டும் ஒரு குழி. இரண்டாம் காசில் மாவை எடுத்தேன். நீங்கள் சொன்ன கிண்ணம் போன்ற பள்ளம் அப்படியே இருந்தது. அடியில் சாம்பல் மெழுகும் இருந்தது, முடிந்தவரை எடுத்துவிட்டு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் காசில் பின்பக்க ஓரத்தில் ஒரு நகக்கண் அளவுக்குப் பொருக்கு பெயர்ந்திருக்கிறது. அடியில் கருஞ்சிவப்பாக, வழவழப்பாக, ஓரப் புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றன. அதற்கு மேல் போகப் பயமாக இருக்கிறது. இந்தக் காசுக்கும் நோய் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேலே இவ்வளவு பொருக்கு இருக்கும்போது கண்ணுக்குத் தெரியவில்லையே. இன்னொன்று, டப்பாவில் போட்ட ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள் அதற்குள் பச்சையாகிவிட்டன. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கவா?

---

ஊசிமுனை எழுதியது:

ஓரப் புள்ளிகள் வரிசை என்றால் முத்து விளிம்பு. பழைய முகம் உயிரோடு இருக்கிறது. நீங்கள் பயந்து நிறுத்தியது சரியான இடம். பயம் இல்லாத நாளில் அடுத்த நகக்கண் அளவைப் பாருங்கள், ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலை இல்லை இது.

நோய் சந்தேகத்துக்கு ஒரு சோதனை உண்டு. மூடும் டப்பாவில் நனைத்த பஞ்சு ஒன்றை ஒரு மூலையில் வைத்து, பஞ்சு தொடாதபடி காசைத் தனியாக ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து மூடுங்கள். ஓரிரு நாளில் புதிதாக வெளிர்பச்சைப் பொட்டு எழும்பினால் குளோரைடு இருக்கிறது. எழும்பாவிட்டால் ஓரளவு நம்பலாம், முழுதாக அல்ல. பொட்டு தெரிந்த உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், வேண்டுமென்றே ஈரம் காட்டும் சோதனை இது. உங்கள் காசில் பொருக்கின் அடியில் மறைந்திருந்தால் இந்தச் சோதனையும் ஏமாற்றும். அதனால் நானாக இருந்தால் சோதிக்கவே மாட்டேன். நோய் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு இரண்டாம் காசைப் போலவே உலர்ந்த டப்பாவில் வைத்துவிடுவேன், வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் வெளியே எடுப்பேன்.

மணிகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஆரஞ்சு பச்சையானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். நீலம் இளஞ்சிவப்பாகும் வகையை நீங்கள் வாங்காதது நல்லது, அதில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு. மணிகளை அகலமான தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி 110-லிருந்து 120 டிகிரி செல்சியஸில் ஆரஞ்சு நிறம் திரும்பும் வரை வையுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் தட்டு வேண்டாம். இவ்வளவு சீக்கிரம் நிறம் மாறியிருந்தால் டப்பாவின் மூடி சரியாக இறுகவில்லை என்றுதான் தோன்றுகிறது. மூடிக்குள் சிலிகோன் வளையம் உள்ள டப்பாவாகப் பாருங்கள். சூடு பண்ணிய மணிகளைத் திறந்த தட்டில் ஆறவிடாமல், கொஞ்சம் சூடாக இருக்கும்போதே கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி ஆறவிடுங்கள். திறந்து வைத்தால் ஆறுவதற்குள்ளேயே பாதி ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும்.